வேற்றுமுகம்

ருமேனியாவின் குழந்தைக் காப்பகங்களுக்குள் 1990களில் நுழைந்த மருத்துவர்களும் உளவியலாளர்களும் எழுதிவைத்தவற்றில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. வரிசை வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு கைக்குழந்தை, ஆனால் கூடத்தில் அழுகைச் சத்தமே இல்லை. பசித்த குழந்தைகளும் நனைந்த துணியில் கிடந்த குழந்தைகளும் அங்கே இருந்தன. அழுதால் யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொள்ள ஒரு குழந்தைக்குச் சில மாதங்கள் போதும். தெரிந்துகொண்ட பிறகு அது அழுவதை விட்டுவிடுகிறது.

அப்படிப்பட்ட பிள்ளையைத் தத்தெடுத்து லண்டனுக்கும் வான்கூவருக்கும் கொண்டுபோன பெற்றோர்களில் சிலர், முதல் வாரங்களில் அந்த மௌனத்தை நல்ல குணமாகவே எடுத்துக்கொண்டார்கள். இரவில் எழுப்பாத பிள்ளை, படுத்தாத பிள்ளை, யார் தூக்கினாலும் போகும் பிள்ளை. வெளிநாட்டிலிருந்து பிள்ளையைத் தத்தெடுத்த குடும்பத்தின் முதல் ஆண்டைப் பற்றி முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் ஆய்வுகளைப் படிக்கும்போது என்னை உலுக்குவது இதுதான். அந்த ஆண்டில் நல்லதாகத் தெரியும் அறிகுறிகளில் சில நல்லவை அல்ல. தொல்லையாகத் தெரிபவற்றில் சில, பிள்ளை தேறிவருவதன் அடையாளம்.

ருமேனியாவிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. அந்நாட்டை அன்று ஆண்ட நிகோலாய் சௌசெஸ்கு 1966-இல் பிறப்பித்த 770-ஆம் எண் ஆணை கருக்கலைப்பை ஏறத்தாழ முற்றாகத் தடைசெய்தது. மக்கள்தொகையைப் பெருக்குவது அரசின் நோக்கம். வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் பிள்ளைகளை அரசுக் காப்பகங்களில் விட்டன. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாயையோ தந்தையையோ இழந்த அனாதைகள் அல்லர். மேலைநாட்டுத் தொலைக்காட்சிகள் அந்தக் காட்சிகளைக் காட்டியதும் தத்தெடுக்க விரும்பியவர்கள் விமானம் ஏறினார்கள். 1991 நடுவில் அரசு இதை நிறுத்திவைப்பதற்குள் சுமார் 10,000 குழந்தைகள் நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குள் காப்பகத்தை விட்டுவிட்டு ஏழைக் குடும்பங்களிடமே நேராகப் பணம் கொடுத்துப் பிள்ளையை வாங்கும் தரகு வியாபாரமும் வளர்ந்திருந்தது.

பிரிட்டனுக்கு வந்த குழந்தைகளில் 165 பேரை மைக்கேல் ரட்டர் தலைமையிலான லண்டன் ஆய்வுக் குழு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் 144 பேர் காப்பகங்களில் வளர்ந்தவர்கள். பிரிட்டனுக்குள்ளேயே ஆறு மாத வயதுக்குள் தத்துப்போன 52 குழந்தைகளோடு அவர்களை ஒப்பிட்டார்கள். இந்த ஆய்வு கிடைத்ததற்கு அடியில் ஒரு கொடுமை இருக்கிறது. எத்தனை மாதம் புறக்கணிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை எந்த ஆய்வாளரும் செய்து பார்க்க முடியாது. ஓர் அரசு அதைச் செய்துவிட்டிருந்தது.

முதலில் தேறுவது உடம்பு. இரண்டு வயதுக்குள் பிரிட்டன் வந்த 111 பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர், வந்த நாளில், எடையில் தங்கள் வயதின் மிகக் கீழ்மட்டமான மூன்று விழுக்காட்டுக்குள் இருந்தார்கள். நான்கு வயதில் அளந்தபோது உடல்வளர்ச்சியின் பின்தங்கல் ஏறத்தாழ மறைந்திருந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுத் தத்துப்பிள்ளைகளுக்கென்றே 1986-இல் மருத்துவமனைப் பிரிவு தொடங்கிய டேனா ஜான்சன் ஒரு கணக்குச் சொல்வார்: காப்பகத்தில் கழியும் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் குழந்தை ஒரு மாத உயரத்தை இழக்கிறது. சோறு மட்டும் இதற்குக் காரணமல்ல. தூக்குவாரும் கொஞ்சுவாரும் இல்லாத குழந்தைக்கு வயிறு நிறைந்தாலும், இடைவிடாத உள்நெருக்கடியில் வளர்ச்சிக்கான சுரப்பு தடைப்படுகிறது. நம் பாட்டிமார் ‘பிள்ளை ஏங்கிப்போச்சு’ என்று சொல்வார்கள். தாய் ஊருக்குப் போனதும் இளைத்துப்போகும் பிள்ளையைப் பார்த்துச் சொன்ன அந்தச் சொல்லின் மருத்துவப் பொருளை அறிவியல் பின்னால் வந்து கண்டுகொண்டது.

பின்தங்கிய உடல் பாய்ந்து வளர்வதிலும் ஒரு விலை ஒளிந்திருக்கலாம். இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப்போன 107 பெண்களைப் பற்றி அந்நாட்டு மருத்துவர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் பூப்பு வயதின் நடுமதிப்பு 11.6 ஆண்டுகள். மிகக் குறைந்த வயது ஏழு ஆண்டும் சில மாதங்களும். மெலிந்து வந்த உடல் திடீரென்று போஷாக்குக் கிடைத்து வேகமெடுத்தபோது பூப்பும் முன்னால் வந்துவிட்டதாக அவர்கள் கருதினார்கள். அப்படிச் சீக்கிரம் பூத்த பெண்களின் உயர வளர்ச்சியும் சீக்கிரம் நின்றது. இன்னொரு மொழியில், இன்னொரு தோல்நிறத்தார் நடுவில், வகுப்பில் வேறெவருக்கும் நேராதது ஏழெட்டு வயதில் தனக்கு நேர்ந்தால் அந்தச் சிறுமிக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அட்டவணைகள் சொல்லவில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, பல குடும்பங்கள் ஒரே மாதிரியான காட்சிகளைச் சொல்கின்றன. தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டு. தட்டில் வைத்ததெல்லாம் தீரும்வரை நிறுத்தாத பிள்ளை. புட்டிப்பாலும் கூழுமே பழகியதால் மூன்று வயதாகியும் மெல்லத் தெரியாத பிள்ளை. ஒளித்துவைப்பதைத் திருட்டாகப் பார்க்கக்கூடாது என்பதுதான் அனுபவப்பட்டவர்கள் தரும் அறிவுரை. எட்டும் இடத்தில் எப்போதும் ஒரு வாழைப்பழம் இருக்கட்டும், நாளைக்கும் அது அங்கே இருக்கும் என்பதை வாய்ச்சொல்லால் புரியவைக்க முடியாது.

தூக்கம் வேறு வகைச் சிக்கல். முப்பது பேர் மூச்சுக்கு நடுவில் உறங்கிப் பழகிய குழந்தைக்கு, வண்ணம் தீட்டி, பொம்மை நிரப்பி, ஆசையாக ஒதுக்கிய தனியறை ஓர் அச்சக்குழி. காப்பகத்திலிருந்து பிரிட்டன் வந்த பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு உடலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்கும் பழக்கம் இருந்தது. தூளி ஆட்டவும் மடியில் போட்டுத் தட்டவும் ஆளில்லாத பிள்ளை தன்னைத் தானே ஆட்டிக்கொண்டது. இங்கே நம் வழக்கத்தைச் சொல்லத் தோன்றுகிறது. நம் வீடுகளில் நான்கைந்து வயதுவரை பிள்ளை தாயின் பக்கத்தில் படுப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. மேலைநாடுகளில் தனியே தூங்கப் பழக்குவது நல்ல வளர்ப்பின் இலக்கணம். தத்துப்பிள்ளைகளோடு பணிபுரிவோர் இந்த ஒரு விஷயத்தில் தங்கள் சமூக வழக்கத்துக்கு எதிராகவே நின்று, ‘பெற்றோரின் அறையிலேயே படுக்கவையுங்கள்’ என்று சொல்ல வேண்டியிருந்தது.

உடம்புக்கு அடுத்தபடியாக வேகமாக நடப்பது மொழி. மொழியில் நடப்பது தேறுதல் மட்டுமல்ல, இழப்பும்தான். சீனாவிலிருந்து இரண்டரை முதல் ஐந்தரை வயதுக்குள் அமெரிக்கா வந்த பிள்ளைகளை ஹார்வர்டின் ஜெஸ்ஸி ஸ்னெடேக்கரும் உடன்பணியாளர்களும் கவனித்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கைக்குழந்தை கற்கும் அதே வரிசையில் கற்றார்கள்: முதலில் பொருள்களின் பெயர், பிறகு வினை, பிறகு வாக்கியத்தை இணைக்கும் சிறு சொற்கள். வேகம் மட்டும் கைக்குழந்தையைவிட அதிகம். ஓராண்டுக்குள் வீட்டுப் பேச்சில் தடுமாற்றம் இராது. வந்திருந்து பார்க்கும் உறவினர்களுக்கு அது அதிசயம்.

புதிய மொழி வரும் அதே மாதங்களில் பழைய மொழி உதிர்கிறது. கொரியாவிலிருந்து மூன்று முதல் எட்டு வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துப்போய் வளர்ந்துவிட்ட எட்டுப் பேரைக் கிறிஸ்தோஃப் பாலியே குழுவினர் ஆராய்ந்தார்கள். முடிவு 2003-இல் வெளியானது. கொரிய வாக்கியத்தைக் கேட்டபோது, அது வேற்றுமொழிகளிலிருந்து வேறானது என்றுகூட அவர்களால் இனங்காண முடியவில்லை. மூளைப் படத்திலும் அவர்களுக்கும் பிரான்சிலேயே பிறந்தவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. எட்டு வயதுவரை பேசிச் சிரித்த மொழி சுவடின்றிப் போயிருந்தது. 2014-இல் மான்ட்ரியலில் செய்த இன்னோர் ஆய்வு இதற்கு ஒரு திருத்தம் தந்தது. ஒரு வயதையொட்டிச் சீனாவிலிருந்து வந்து, அதற்குப்பின் பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகளின் மூளை, சீன ஒலியேற்ற இறக்கங்களைக் கேட்டபோது சீனமொழி பேசுவோரின் மூளையைப் போலவே எதிர்வினை செய்தது. சொற்கள் போய்விட்டன. தாய்மொழியின் ஓசை எங்கோ அடியில் தங்கியிருந்தது.

இந்த மொழி இழப்பைப் பண்பாட்டு இழப்பாக மட்டுமே பேசுவது வழக்கம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. தன் பழைய வாழ்வுக்கு அந்தப் பிள்ளைதான் பல நேரங்களில் ஒரே சாட்சி. ஆவணங்கள் பொய் சொன்ன நாடுகள் பல. 1980களில் இலங்கையிலிருந்து சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். பெற்ற தாயின் இடத்தில் வேறொரு பெண்ணைத் தாயாக நடிக்கவைத்துக் கையெழுத்து வாங்கிய சம்பவங்கள் பின்னாளில் அம்பலமாயின. வளர்ந்து வேர்தேடி வந்தவர்கள், தாளில் இருந்த பெயருக்கு உரியவளைக் கண்டுபிடித்து, மரபணுச் சோதனையில் அவள் தாய் அல்ல என்று அறிந்து திரும்பியிருக்கிறார்கள். கொரியாவில் உண்மை அறியும் ஆணையம் 2025 மார்ச்சில், தத்து அனுப்பியதில் பிறப்பு விவரங்கள் திரிக்கப்பட்டதையும் மனித உரிமைகள் மீறப்பட்டதையும் உறுதிசெய்தது. கைக்குழந்தையாகப் போனவர்களால் எதுவும் சொல்லியிருக்க முடியாது. ஐந்து, ஆறு வயதில் போன பிள்ளையால் முடியும், ஆனால் சொல்லும் மொழி அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எத்தியோப்பியாவிலிருந்து அமெரிக்கா போன, சற்று வளர்ந்த பிள்ளைகள் சிலர், ஆங்கிலம் பேச வந்ததும் சொன்ன செய்தி தங்கள் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள் என்பது. அனாதை என்று தாளில் எழுதி அனுப்பப்பட்ட பிள்ளைகள் அவர்கள். எத்தியோப்பியா 2018-இல் வெளிநாட்டுத் தத்தையே தடைசெய்தது.

எனவே வந்த முதல் மாதத்திலேயே, பிள்ளையின் மொழி தெரிந்த ஒருவரை அழைத்து, அவசரப்படுத்தாமல் பேசவிட்டு, சொல்வதை எழுதிவைக்க வேண்டும். தெருப்பெயர், அக்காள் பெயர், வீட்டுக்குப் பக்கத்தில் ஓடிய வாய்க்கால், எதுவானாலும். பன்னிரண்டாம் மாதத்தில் கேட்டால் கிடைக்காது. தத்தெடுத்தவர்களுக்கு இது அச்சமூட்டும் வேலை. தங்களுக்குச் சட்டம் தந்த உரிமையையே குலைக்கும் ஒரு வாக்கியம் பிள்ளையின் வாயிலிருந்து வந்துவிடலாம். ஆனாலும் கேட்காமல் விடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் மெதுவானது, ஒட்டுதல். எட்டு ஒன்பது மாதக் குழந்தை, நேற்றுவரை யாரிடமும் போனது, திடீரென்று விருந்தாளியைக் கண்டால் முகத்தைச் சுருக்கித் தாயின் தோளில் புதையும். ‘வேற்றுமுகம் தெரிஞ்சிடுச்சு’ என்பார்கள் வீட்டுப் பெண்கள். வந்தவருக்கு மனம் சங்கடப்பட்டாலும் வீட்டார் அதை வளர்ச்சியாகவே எடுத்துக்கொள்வார்கள். தன்னுடைய முகம் எது என்று அறிந்த குழந்தைக்குத்தான் மற்றவை வேற்றுமுகம். காப்பகத்தில் எட்டு மணிக்கு ஒரு தாதி, மாலையில் வேறொருத்தி, அடுத்த மாதம் இன்னொருத்தி. தன் முகம் என்று ஒன்று அமையாத பிள்ளைக்கு எல்லா முகமும் ஒன்றுதான்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் குறைந்தது எட்டு மாதம் காப்பகத்தில் இருந்து வந்த பிள்ளைகளைப் பற்றி எலினோர் ஏம்ஸும் கிம் சிஷோமும் செய்த ஆய்வுகளில் பெற்றோரிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று: ‘அப்போதுதான் சந்தித்த ஒருவரோடு அவர் வீட்டுக்குப் போக உங்கள் பிள்ளை தயாராக இருப்பானா?’ பலர் ஆமாம் என்றார்கள். பூங்காவில் யார் மடியிலும் ஏறும், கடைக்காரரைக் கட்டிப்பிடிக்கும், பிரிந்தாலும் தேடாது. அண்டை அயலார் ‘என்ன கலகலப்பான பிள்ளை!’ என்று மெச்சுவார்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இந்த நடத்தையைத் தனியொரு கோளாறாகவே வகைப்படுத்தினார்கள். இதில் ஒரு நுட்பத்தையும் விட்டுவிடக்கூடாது. தத்துப்பெற்றோரிடம் உண்மையாகவே ஒட்டிக்கொண்ட பிறகும் சில பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் போகவில்லை. ஆகவே அதைப் பெற்றோரின் தோல்வியாகக் கணக்கிட முடியாது.

எதிர்த்திசையிலும் பிள்ளைகள் போவார்கள். உளவியலாளர் மேரி டோசியர் அமெரிக்காவில் வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கப்பட்ட சின்னஞ்சிறு குழந்தைகளைக் கவனித்து ஒன்றைக் கண்டார். ஏறத்தாழ ஒரு வயதுக்குப்பின் வந்த குழந்தை, அடிபட்டாலும் பயந்தாலும், வளர்ப்புத்தாய் தேவையில்லை என்பதுபோல் நடந்துகொள்ளும். முகத்தைத் திருப்பும், தள்ளிவிடும். தாயும், அன்புள்ள தாய்தான், மெல்லப் பின்வாங்கிவிடுவாள். குழந்தை தள்ள, தாய் விலக, தான் நினைத்தது சரிதான் என்று குழந்தை முடிவுக்கு வரும். இதை உடைக்க டோசியர் வகுத்த முறை எளியது. பத்து முறை வீட்டுக்கு வரும் பயிற்சியாளர், அன்றாட வேலைகளுக்கு நடுவிலேயே, தள்ளும் பிள்ளையிடமும் கையை நீட்டிக்கொண்டே இருக்கத் தாயைப் பழக்குவார். பிள்ளை கேட்காத ஆறுதலையும் கொடுக்க வேண்டும். இயல்பாக வளரும் பிள்ளைக்குத் தாய் செய்வது கேட்டதற்குப் பதில், இங்கே கேள்வியே எழாத இடத்தில் பதிலைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் இது எவ்வளவு கடினம் என்பதைச் செய்தவர்களே அறிவார்கள்.

அந்தக் கடினத்தைப் பற்றிப் பேசுவதற்கே பெற்றோருக்கு நாக்கு எழுவதில்லை. எத்தனையோ ஆண்டு காத்திருந்து, விசாரணை அலுவலர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டி, கடன்வாங்கிக் கொண்டுவந்த பிள்ளை. ‘எனக்கு இந்தப் பிள்ளைமேல் பாசம் வரவில்லை’ என்று யாரிடம் சொல்வது? பெற்றவளுக்கு வரும் மனச்சோர்வை உலகம் ஏற்றுக்கொள்ளத் தொடங்கிய பின்னும், தத்தெடுத்தவளுக்கும் அது வரும் என்பதற்குப் பெயர் வைக்க 1995 ஆயிற்று. அமெரிக்காவில் ஜூன் பாண்ட் அந்தப் பெயரை வைத்தார். கேரன் ஃபோலியும் ஜான் தாம்ப்சனும் 2004-இல் அதைப் பற்றி முழு நூல் எழுதினார்கள். தாங்கள் கற்பனைசெய்த பிள்ளைக்கும் வந்து நிற்கும் பிள்ளைக்கும் நடுவில் உள்ள தூரம், பாசம் உடனே பொங்கும் என்ற எதிர்பார்ப்பு, பொங்காதபோது குற்றவுணர்வு. உதவி கேட்டால் ‘தகுதியற்ற பெற்றோர்’ என்று முத்திரை விழுமோ என்ற அச்சம் வாயை அடைக்கிறது.

வாயடைத்துப்போனதன் கோரமான முடிவுகளும் உண்டு. 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து ஏழு வயது ரஷ்யச் சிறுவன் ஒருவன், கையில் ஒரு கடிதத்தோடு, தனியாக மாஸ்கோ விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டான். அவன் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 2013-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், அமெரிக்காவில் வெளிநாட்டுத் தத்துப்பிள்ளைகளைச் சமாளிக்க முடியாத பெற்றோர், எந்த அரசு மேற்பார்வையும் இல்லாமல் முன்பின் தெரியாதவர்களிடம் கைமாற்றியதை அம்பலப்படுத்தியது. இப்படிச் செய்தவர்களுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் பிள்ளையைக் கொண்டுசேர்க்கும் நாள்வரை கூடவே நின்ற அமைப்புகள் அடுத்த நாளிலிருந்து எங்கே போயின என்று கேட்கத்தான் வேண்டும்.

காலம் எவ்வளவைச் சரிசெய்கிறது? ரட்டரின் குழுவைப் பின்னாளில் நடத்திய எட்மண்ட் சோனுகா-பார்க், பிள்ளைகள் இருபதுகளை எட்டியபின் 2017-இல் முடிவை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குள் காப்பகத்தை விட்டு வந்தவர்கள் பிரிட்டனில் பிறந்த தத்துப்பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். ஆறு மாதத்துக்குமேல் இருந்தவர்களில் பலருக்குக் கவனச்சிதறலும் ஒட்டுதல் சிக்கலும் பெரியவர்களான பின்னும் தொடர்ந்தன. அறிவுத்திறனில் மட்டும் பின்தங்கல் மெல்ல நீங்கியிருந்தது. அதே கூட்டத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எந்த வயதிலும் எந்தச் சிக்கலும் இல்லை. 2020-இல் வெளியான மூளை அளவீட்டில், ருமேனியப் பிள்ளைகளின் மூளைப் பரும அளவு ஒப்பீட்டுக் குழுவைவிட 8.6 விழுக்காடு குறைவாக இருந்தது. இருபது ஆண்டுக்கு மேலான நல்ல உணவும் நல்ல வீடும் அதை நிரப்பவில்லை. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு தனிப்பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. ‘அன்பு போதும், எல்லாம் சரியாகிவிடும்’ என்று பெற்றோரை அனுப்பிவைப்பது மட்டும் பொய் என்று இவை காட்டுகின்றன.

வெளிநாட்டுத் தத்து இன்று சுருங்கிவிட்டது. 2004-இல் ஓராண்டில் 22,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வரவேற்ற அமெரிக்காவுக்கு 2023-இல் வந்தவர்கள் 1,300-க்கும் குறைவு. சீனா 2024-இல் கதவை மூடியது. இந்தியாவிலிருந்து ஆண்டுக்குச் சில நூறு பேர் போகிறார்கள். இங்குள்ள பெற்றோர் பெரும்பாலும் உடல்குறையில்லாத கைக்குழந்தையையே கேட்பதால், வெளியே போவோரில் வயது கூடியவர்களும் ஊனமோ நோயோ உள்ளவர்களும் கூடப்பிறந்தவர்களோடு போகிறவர்களும் அதிகம். முதல் ஆண்டு மிகக் கடினமாக அமையும் பிள்ளைகள் இவர்கள்தான்.

வெளிநாட்டுத் தத்துக்கு இந்தியாவில் ஒழுங்கு வந்தது, 1984-இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி தந்த தீர்ப்பிலிருந்து. இப்போது தில்லியிலுள்ள மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் விதிப்படி, போன பிள்ளையைப் பற்றி முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அறிக்கை வரவேண்டும். நல்ல விதி. ஆனால் எந்த அறிக்கையிலும் எளிதில் எழுதக்கூடியவை எடை, உயரம், தடுப்பூசி, பள்ளிச் சேர்க்கை, பேச்சு. வேகமாகத் தேறுபவையும் இவையே. மூன்றாவது மாதத்தில் இரண்டு கிலோ கூடியிருக்கும், ஒன்பதாவது மாதத்தில் புதிய மொழியில் பாட்டுப் பாடும், கோப்பு திருப்தியாக மூடப்படும். ‘எல்லோரிடமும் சிரித்துப் பழகுகிறாள், யாரிடமும் தயக்கமில்லை’ என்று ஒரு வரி வந்தால் அதுவும் தில்லியில் நற்செய்தியாகவே சேரும்.

அறிக்கை எழுதப் போகிறவர் இன்னும் சிலவற்றைக் கேட்க வேண்டும். விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் யாரிடம் ஓடுகிறாள்? அம்மா கடைக்குப் போய்த் திரும்பும்போது வாசலைப் பார்க்கிறாளா? பழைய ஊரைப் பற்றி அவள் சொன்னது எங்கே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது? அம்மா, நீங்கள் தூங்குகிறீர்களா? இரவில் அவள் அழுகிறாளா? அழுகிறாள் என்றால், எந்த மாதத்திலிருந்து?